ஆசிரியர் அறையில் மீண்டும் பேச்சு எழுவதற்கு: கல்லூரி, பல்கலைக்கழக ஆசிரியர் நலனுக்கான உறவு மீட்பு நடைமுறைகள் (முழுமையான வழிகாட்டி)

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஏதேனும் ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறைக்குப் பிற்பகல் மூன்றரை மணிக்குச் சென்று பாருங்கள். ஒருவர் அகமதிப்பீட்டு மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருப்பார். இன்னொருவர் கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் குழுவின் வருகைக்காக ஐந்தாண்டுக் கோப்புகளைப் புரட்டிக்கொண்டிருப்பார். மதுரைக்கோ புதுக்கோட்டைக்கோ பேருந்து பிடிக்க வேண்டியவர் கைப்பையைத் தோளில் மாட்டியபடியே கடிகாரத்தைப் பார்ப்பார். பத்துப் பேர் அமர்ந்திருக்கும் அந்த அறையில் மின்விசிறியின் ஓசையைத் தவிர வேறொன்றும் கேட்காது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செட்டிநாட்டில் கற்பித்து, அதில் சில ஆண்டுகள் துறைத்தலைவராகவும் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம் ஆசிரியர்களின் களைப்பில் பாதி வேலையால் வருவது, மறுபாதி இந்த மௌனத்தால் வருவது. முதற்பாதியைக் குறைக்கப் பணியிடங்களை நிரப்ப வேண்டும், அரசாணைகள் வேண்டும். மறுபாதியை நாமே குறைக்க முடியும். அதற்கான வழிமுறைகளைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

களைப்பு எங்கிருந்து வருகிறது?

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகள், முழுநேர ஆசிரியரின் பணியை வாரத்துக்கு 40 மணி நேரம் என்றும், ஆண்டுக்கு 30 வேலை வாரங்கள் என்றும் வகுத்திருக்கின்றன. நேரடிக் கற்பித்தலுக்கு உதவிப் பேராசிரியருக்கு 16 மணி, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி என்பது கணக்கு. மனக்கசப்பு பிறப்பது வகுப்பறையில் கழியும் அந்த 16 மணி நேரத்தில் அன்று. எஞ்சியிருக்கும் 24 மணி நேரத்தில்தான். தேர்வுக் கண்காணிப்பு யாருக்கு, விடைத்தாள் மதிப்பீட்டு முகாமுக்கு யார் போவது, சேர்க்கைக் குழுவில் யாரைப் போடுவது, யாரைக் கேட்காமலே பெயரை எழுதிவிடுவது, யாரைக் கேட்கவே அஞ்சுவது என்பனவெல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன.

பணிச்சோர்வை நெடுங்காலம் ஆராய்ந்த உளவியல் அறிஞர் கிறிஸ்டினா மாஸ்லாக் அதற்கு மூன்று முகங்களைச் சொன்னார்: உள்ளும் புறமும் வற்றிப்போதல், செய்யும் வேலையிலும் சுற்றியுள்ளோரிடத்தும் ஒட்டுதல் இல்லாமற்போதல், எதைச் செய்தாலும் பயனில்லை என்ற எண்ணம் வேரூன்றுதல். உலகச் சுகாதார நிறுவனமும் 2019இல் தன் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் இதனை நோயென்று கொள்ளாமல், பணியிடத்தோடு தொடர்புடைய ஒரு நிலை என்றே வரையறுத்தது. இந்த வரையறை நமக்கு மிக முக்கியம். பணியிடத்தில் உண்டாவதைத் தனிமனிதரிடம் மட்டும் சரிசெய்ய முயல்வதால்தான், ஆசிரியர் நலனுக்கென்று அரைநாள் யோகாப் பயிற்சி நடத்தி, புகைப்படம் எடுத்து, அறிக்கை எழுதி முடித்த பிறகும் ஆசிரியர் அறை பழையபடியே இருக்கிறது. யோகாவை நான் குறை கூறவில்லை. மூன்றாண்டுகளாகத் தம்மோடு பேசாத சக ஆசிரியருக்கு அருகில் பாயை விரித்து மூச்சுப் பயிற்சி செய்பவருக்கு அந்த மூச்சு எவ்வளவு தூரம் உதவும் என்றுதான் கேட்கிறேன்.

உறவு மீட்பு நடைமுறைகள் என்றால் என்ன?

'ரெஸ்டோரேட்டிவ் பிராக்டிசஸ்' என்று உலகெங்கும் வழங்கும் இந்த முறையின் அடிப்படை எளியது. ஒரு தவறு நடந்தால் எந்த விதி மீறப்பட்டது, யாரைத் தண்டிப்பது என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு என்ன பாதிப்பு, அவருக்கு என்ன தேவை, அதை நிறைவேற்றும் பொறுப்பு யாருடையது என்று கேட்கிறது. 1974இல் கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில், வீடுகளையும் வாகனங்களையும் சேதப்படுத்திய இரண்டு இளைஞர்களைப் பாதிக்கப்பட்டவர்களின் வீட்டு வாசலுக்கே நேரில் அழைத்துச் சென்றதிலிருந்து இதன் நவீன வரலாற்றைத் தொடங்குவது வழக்கம். 1989இல் நியூசிலாந்து, மாவோரி மக்களின் கூடிப் பேசும் மரபிலிருந்து எடுத்துக்கொண்ட குடும்பக் கூட்டங்களைத் தன் சிறார் சட்டத்திலேயே சேர்த்தது. 1991இல் ஆஸ்திரேலியாவின் வாகா வாகா நகரக் காவல்துறையில் உருவான கேள்வி வரிசை பின்னர் பள்ளிகளுக்கும் அலுவலகங்களுக்கும் பரவியது. குற்றவியல் நீதியில் பிறந்த முறைதான் என்றாலும், தவறு நடப்பதற்கு முன்பே உறவை வளர்த்து வைப்பதுதான் இதன் பெரும்பகுதி என்பதைப் பள்ளிகள் கண்டுகொண்டன. கல்லூரிகளில் அந்தப் பகுதியையே பெரும்பாலும் விட்டுவிடுகிறோம்.

நம் ஊரில் இதைத் தொடங்குவோர் முதலிலேயே இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டியிருக்கும். "உட்கார்ந்து பேசுவோம்" என்றால் நம்மவர் பலருக்குப் பஞ்சாயத்து நினைவுக்கு வருகிறது, அதிலும் கட்டப்பஞ்சாயத்து. பெரியவர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார், பலம் குறைந்தவர் தலையாட்டுவார், எழுதிக் கொடுத்த புகார் கிழிந்துபோகும் என்ற அச்சம் நியாயமானது. இன்னொன்று பட்டிமன்றம். 1939இல் கம்பன் கழகம் தொடங்கப்பட்ட ஊர் காரைக்குடி. எதிரெதிர் அணிகளில் நின்று சுவையாக வாதிடுவதும், கடைசியில் நடுவர் எழுந்து முடிவுரைப்பதும் நமக்கு இரத்தத்தில் ஊறியவை. உறவு மீட்பு வட்டம் என்பது எல்லோரும் வட்டமாக அமர்ந்து, முறை வைத்து ஒவ்வொருவராகப் பேசும் கூட்டம். அதில் தீர்ப்பும் இல்லை, அணிகளும் இல்லை, கைதட்டலும் இல்லை. வட்டத்தை வழிநடத்தும் நடத்துநர் தம் கருத்தால் எதையும் முடித்து வைக்கக் கூடாது. இதை முதல் நாளே வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முதற்படி: எதை வட்டத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்று வரையறுத்தல்

பலர் இதைக் கடைசியில் சேர்ப்பார்கள். நான் முதலில் வைக்கிறேன், ஏனென்றால் இதில் தவறினால் மற்ற எல்லாமே தீங்காக முடியும்.

பாலியல் துன்புறுத்தல் புகார்கள் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உள்ளகப் புகார்க் குழுவுக்குச் செல்ல வேண்டியவை. விசாரணை தொடங்கும் முன் சமரசத்துக்கு அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட பெண் தாமே கேட்டுக்கொண்டால் மட்டும், அக்குழுவின் வழியாக மட்டும், பணத்தை அடிப்படையாகக் கொள்ளாமல். துறைக்குள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு "பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், அம்மா" என்று அவரிடம் சொல்வது அவருக்கு இழைக்கும் இரண்டாவது கொடுமை. சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதும் இப்படித்தான். 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரக்கூடிய எதையும் வட்டத்தில் வைத்து மென்மையாக்கக் கூடாது. நிதி முறைகேடு, மதிப்பெண் திருத்தம், ஆய்வேட்டுத் திருட்டு ஆகியவற்றுக்கும் அவற்றுக்கென்று குழுக்கள் இருக்கின்றன.

இந்த வரம்பை ஒரு பக்கத்தில் எழுதி, எல்லோரிடமும் கொடுங்கள். அதன் கடைசி வரி இப்படி இருக்கட்டும்: "வட்டத்தில் கலந்துகொள்வதோ கலந்துகொள்ளாமலிருப்பதோ, எவருடைய புகார் உரிமையையும் பாதிக்காது."

இரண்டாம்படி: ஆட்களும் அனுமதியும்

இரண்டு பேர் நடத்துநர்களாக வேண்டும். இருவரில் ஒருவரேனும் பெண்ணாக இருப்பது நல்லது. துறைத்தலைவர் நடத்துநராகக் கூடாது. அவர் வட்டத்தில் ஓர் உறுப்பினராக அமரலாம், அமரவும் வேண்டும். நான் நடத்திய முதல் கூட்டம் ஏன் தோற்றது என்று பல நாள் யோசித்திருக்கிறேன். என் அறையில், என் மேசைக்கு முன்னால், நானே முதலில் பேசினேன். நான் சொன்னதையே ஒவ்வொருவரும் வேறு சொற்களில் திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார்கள். அடுத்த முறை வேறு துறையைச் சேர்ந்த ஓர் அம்மையாரை நடத்தித் தரும்படி வேண்டினேன். கடைசி ஆளாகத்தான் எனக்கு முறை வந்தது. என் துறையைப் பற்றி அன்றைக்கு அறிந்துகொண்டவை, அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் அறிந்தவற்றைவிட அதிகம்.

யாரை அழைப்பது என்பதில் கஞ்சத்தனம் வேண்டாம். தொகுப்பூதியத்தில் பணிபுரியும் கௌரவ விரிவுரையாளர்களைத் துறைக் கூட்டங்களுக்கு அழைக்கும் வழக்கமே பல இடங்களில் இல்லை. ஒரே பாடத்தை ஒரே தரத்தில் நடத்துகிறவர், சம்பளத்திலும் வேறுபட்டு, அறையில் நாற்காலியும் இல்லாமல், கருத்துக் கேட்கப்படாமலும் இருப்பதைவிடச் சோர்வு தரக்கூடியது வேறில்லை. அவர்கள் வட்டத்தில் சம இடம் பெற வேண்டும். இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரியாக இருந்தால், இரு ஷிப்ட் ஆசிரியர்களும் சந்திக்கும் நேரம் பார்த்து வையுங்கள். ஒரே நாற்காலியைக் காலையும் மாலையும் பயன்படுத்திக்கொண்டு ஒருவரையொருவர் அறியாமலேயே ஓய்வுபெறுகிறவர்கள் உண்டு. எட்டு முதல் பதினான்கு பேர் வரை ஒரு வட்டத்துக்குப் போதும். துறை பெரியதானால் இரண்டாகப் பிரியுங்கள். பிரிக்கும்போது பழைய கூட்டாளிகளை ஒன்றாகப் போட்டுவிடாதீர்கள்.

முதல்வரிடமோ பதிவாளரிடமோ கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாதத்துக்கு இருமுறை, ஒவ்வொன்றும் 45 நிமிடம், வேலை நேரத்துக்குள். வேலை நேரத்துக்கு வெளியே வைக்கப்படும் நலன் நிகழ்ச்சி இன்னொரு வேலையாகிவிடும். அறிக்கை, புகைப்படம், வருகைப் பட்டியல் எதுவும் கேட்கப்படாது என்ற உறுதியையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்படி: இடம், நேரம், கைமாறும் பொருள்

மாலை நான்கு மணிக்கு வைத்தால் பேருந்து ஆசிரியர்கள் வரமாட்டார்கள். வந்தாலும் மனம் பேருந்து நிலையத்தில் இருக்கும். பதினொன்றரை மணியிலிருந்து மதிய உணவு வரைக்குமான நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்குவது நல்லது. வட்டம் முடிந்ததும் அதே இடத்தில் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுக் கலையலாம்.

நடுவில் மேசை கூடாது. நாற்காலிகள் ஒரே உயரத்தில் இருக்கட்டும். சுழல் நாற்காலி ஒருவருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி மற்றவர்க்கும் என்றிருந்தால் வட்டம் பெயரளவுக்குத்தான். வளவு, அதாவது நடுமுற்றமும் அதைச் சுற்றிய கட்டும், வைத்த பழைய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. முற்றத்தைச் சுற்றி நாற்புறமும் ஓடும் பத்தியில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் எதிரிலிருப்பவரின் முகம் தெரியும். துறைக்கு அருகில் அத்தகைய தாழ்வாரமோ வேப்பமர நிழலோ இருந்தால் வகுப்பறையைவிட அதுவே மேல்.

ஒருவர் பேசும்போது மற்றவர் பேசாமலிருக்க ஒரு பொருள் கைமாற வேண்டும். அதைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் பேசலாம். பேச விருப்பமில்லையெனில் வாய்திறவாமல் அடுத்தவரிடம் கொடுக்கலாம். ஒலிவாங்கியைப் பயன்படுத்தாதீர்கள், அதைத் தொட்டதும் ஆசிரியருக்கு மேடைப்பேச்சு வந்துவிடும். நாங்கள் பனையோலையில் முடைந்த சிறு கூடையான கொட்டான் ஒன்றை வைத்திருந்தோம். கையடக்கமானது, கனமற்றது, எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு விசேஷத்தின் நினைவாக இருப்பது. பிள்ளையார் நோன்பன்று வீட்டுப் பெரியவர் சுடரோடு இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுத்துக் கொடுக்க ஒவ்வொருவராக வந்து வாங்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முறை தவறாமல் எல்லோருக்கும் வரும் என்ற உறுதியே ஒரு கூட்டத்தை அமைதிப்படுத்திவிடும். அந்த உறுதியைத்தான் கொட்டான் தருகிறது.

நான்காம்படி: முதல் வட்டமும் அடுத்த ஐந்தும்

முதல் வட்டத்தில் சிக்கல்களைத் தொடாதீர்கள். மூன்று மாதத்தில் ஆறு வட்டங்கள் என்று வைத்துக்கொண்டால், முதல் மூன்றும் ஒருவரையொருவர் அறிவதற்கே. "மூன்று வட்டங்கள் வீண்தானே" என்று யாரேனும் கேட்பார்கள். வீணன்று, பின்னால் பெரிதாக ஒன்று உடையும்போது வந்து அமர ஒரு வட்டம் முன்பே இருக்க வேண்டும். நெருப்புப் பிடித்த பிறகு ஊரணி வெட்ட முடியாது.

தொடக்கத்தில் நடத்துநர் இரண்டு நிமிடத்தில் ஒழுங்குகளைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் எல்லோருடைய சம்மதத்தையும் கேட்க வேண்டும். கொட்டான் கையில் இருப்பவர் பேசுவார். தம் அனுபவத்தை மட்டும் பேசுவார், இன்னொருவரைப் பற்றிப் பேச மாட்டார். அறிவுரை கூற மாட்டோம். இங்கே கேட்டதை வெளியே கொண்டுபோக மாட்டோம். இந்தக் கடைசி ஒழுங்கு செட்டிநாட்டில் மற்ற இடங்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 1947இல் வள்ளல் அழகப்பர் தொடங்கிய கலைக் கல்லூரியில் ஆரம்பித்து, 1985இல் அவர் பெயரால் எழுந்த பல்கலைக்கழகம் வரை, தேவகோட்டை, திருப்பத்தூர், மேலைச்சிவபுரி, பூலாங்குறிச்சி என்று அடுத்தடுத்த ஊர்களில் கல்லூரிகள் நிறைந்த வட்டாரம் இது. இங்கே ஒருவருடைய ஆய்வு நெறியாளரிடம் இன்னொருவரும் படித்திருப்பார். இன்று சண்டையிட்டவர் நாளை உங்கள் மாணவரின் வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராக வருவார். திங்கட்கிழமை சொன்ன ஒரு சொல் புதன்கிழமைக்குள் மூன்று ஊர் சுற்றிவிடும். ஆகவே இந்த ஒழுங்கை மட்டும் ஒவ்வொரு வட்டத்திலும் திரும்பச் சொல்லுங்கள்.

கேள்விகள் எளிமையானவையாக இருக்கட்டும். முதல் வட்டத்துக்கு, "நீங்கள் ஆசிரியராகத் தீர்மானித்த நாள் நினைவிருக்கிறதா?" என்ற ஒன்று போதும். இரண்டாவதற்கு, "இந்தப் பருவத்தில் எந்த வகுப்பு உங்களுக்கு நிறைவாக இருந்தது?" மூன்றாவதற்கு, "வீட்டுக்குப் போன பிறகும் உங்களை விட்டுப் போகாத வேலை எது?" இந்த மூன்றாவது கேள்வியில்தான் பெண் ஆசிரியர்கள் பலர் முதன்முறையாக உண்மையைச் சொல்வார்கள். காலை ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டி, ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பாடம் தயாரித்து, மாலையில் பிள்ளைக்குப் பாடம் சொல்லி, இரவு பதினொரு மணிக்குத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் வந்த படிவத்தை நிரப்பும் வாழ்க்கையை அவர்கள் குறையாகச் சொல்வதில்லை, தகவலாகச் சொல்வார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் ஆண்களின் முகம் மாறுவதைக் கவனியுங்கள். நடத்துநர் அந்த இடத்தில் எதுவும் சொல்லாமல் கொட்டானை நகரவிட வேண்டும்.

நான்காவது வட்டத்திலிருந்து துறையின் நடப்புகளைத் தொடலாம்: "நம் துறையில் வேலை பகிரப்படும் முறையில் எது உங்களுக்குப் பாரமாக இருக்கிறது, எது துணையாக இருக்கிறது?" ஒரு சுற்றில் பாரம், அடுத்த சுற்றில் துணை. மூன்றாம் சுற்றில் ஒவ்வொருவரும் அடுத்த இரண்டு வாரத்தில் தம்மால் செய்ய முடிந்த ஒரு சிறு செயலைச் சொல்லட்டும். எங்கள் துறையில் அப்படி வந்த ஒன்று, இரவு எட்டு மணிக்குப் பிறகு வாட்ஸ்அப் குழுவில் பணி தொடர்பான செய்தி போடுவதில்லை என்ற முடிவு. அதை முன்மொழிந்தவர் பணியில் இளையவர். மூத்தவர் எவரும் மறுக்கவில்லை.

ஒருவர் அழுதால் பதறாதீர்கள். அவர் தொடரும் வரை காத்திருங்கள், தொடராவிட்டால் நன்றி சொல்லி அடுத்தவரிடம் போங்கள், முடிந்த பிறகு தனியே சென்று கேளுங்கள்.

ஐந்தாம்படி: அன்றாடப் பேச்சில் ஒரு மாற்றம்

வட்டம் மாதத்துக்கு இருமுறைதான். மற்ற நாட்களில் நடக்கும் சிறு உரசல்களுக்கு, பாதிப்பைச் சொல்லும் வாக்கியங்களைப் பழகிக்கொள்ள வேண்டும். நடந்த செயலைச் சொல்லி, அது தம்மை என்ன செய்தது என்று சொல்லி, இனி என்ன வேண்டுமென்று கேட்பது, அவ்வளவே. "நீங்கள் எப்போதும் இப்படித்தான், சார்" என்பதற்குப் பதிலாக, "சார், நேற்றுக் கூட்டத்தில் நான் பேசி முடிப்பதற்குள் நீங்கள் அடுத்த பொருளுக்குப் போய்விட்டீர்கள். எல்லோர் முன்னாலும் சிறுத்துப்போன மாதிரி இருந்தது. இனிமேல் நான் முடித்த பிறகு சொல்லுங்கள்" என்று சொல்லலாம். மூத்தவரிடம் இப்படிப் பேசுவது மரியாதைக் குறைவு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். முகத்துக்கு நேரே பணிவாகச் சொல்வதைவிட, முதுகுக்குப் பின்னால் பத்துப் பேரிடம் சொல்வதுதான் மரியாதைக் குறைவு என்பது என் துணிபு. பாராட்டுக்கும் இதே வடிவம் பொருந்தும். "நன்றி மேடம்" என்று முடிக்காமல், "நான் விடுப்பில் இருந்தபோது என் மூன்றாமாண்டு வகுப்பை நீங்களே எடுத்ததால் மருத்துவமனையில் நிம்மதியாக இருந்தேன்" என்று சொன்னால் கேட்பவருக்கு அது பல நாள் துணையிருக்கும்.

ஆறாம்படி: உறவு உடைந்த பிறகு

இதுதான் கடினமான பகுதி. எங்கள் துறையில் இருவர், இரண்டாம் மணி நேர வகுப்பை மாற்றிப் போட்ட ஒரு கால அட்டவணைக்காகப் பேச்சை நிறுத்தி மூன்றாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. ஒருவர் தேநீர் குடிக்கும் நேரத்தில் மற்றவர் நூலகத்துக்குப் போய்விடுவார். ஒருவருடைய ஆய்வு மாணவர் மற்றவரிடம் கையெழுத்து வாங்க நடுங்குவார். தொடக்கக் காரணம் அவ்வளவு சிறியதாக இருந்ததாலேயே அதைப் பற்றிப் பேச இருவருக்கும் கூச்சம்.

இத்தகைய நிலையில் இருவரையும் உடனே எதிரெதிரே உட்கார வைக்காதீர்கள். நடத்துநர் ஒவ்வொருவரையும் தனித்தனியே, குறைந்தது ஒருமுறையாவது, ஒரு மணி நேரம் சந்திக்க வேண்டும். அந்தச் சந்திப்பில் கேட்க வேண்டியவை: என்ன நடந்தது? அப்போது என்ன நினைத்தீர்கள்? அதற்குப் பிறகு என்ன நினைத்தீர்கள்? யார் யாருக்குப் பாதிப்பு, எப்படி? இது சரியாவதற்கு என்ன தேவை? "ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி மெமோவின் மொழி. அதைக் கேட்டதும் மனிதர் விளக்கக் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவார்.

அவமானம் மனிதரை நான்கு பக்கம் இழுக்கும் என்று டொனால்ட் நேத்தன்சன் 1992இல் எழுதினார்: ஒதுங்கிக்கொள்வது, தன்னையே நொந்துகொள்வது, எதுவும் நடவாததுபோல் தவிர்ப்பது, மற்றவரைத் தாக்குவது. ஆசிரியர் அறையில் இந்த நான்கையும் தினமும் பார்க்கலாம். நூலகத்துக்குப் போய்விடுகிறவரையும், கூட்டத்தில் குரலை உயர்த்துகிறவரையும் இந்தக் கண்கொண்டு பார்த்தால், நடத்துநருக்கு அவர்கள்மேல் கோபம் வராது. கோபம் வராத நடத்துநரே பயன்படுவார்.

இருவரும் முழுமனத்தோடு சம்மதித்த பிறகே நேரடிச் சந்திப்பு. ஒருவர் தயங்கினாலும் ஒத்திவையுங்கள். பணி நிலையில் கீழே இருப்பவர் "சரி" என்று சொல்வதை இருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள், ஏனெனில் மறுக்கும் வசதி அவருக்கு இருப்பதில்லை. ஒவ்வொருவரும் தமக்கு ஆதரவான ஒருவரை அழைத்துவரலாம். அதே கேள்விகளை, அதே வரிசையில், இருவரிடமும் கேளுங்கள். ஒருவர் சொன்னதை மற்றவர் தம் சொற்களில் திருப்பிச் சொல்லி, "நான் புரிந்துகொண்டது சரியா?" என்று கேட்கட்டும். நான் சொன்ன இருவரில் மூத்தவர், எதிரிலிருப்பவர் அந்த ஆண்டு தம் தாயாரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் இரண்டாம் மணி நேரத்தைக் கேட்டார் என்பதை அன்றைக்குத்தான் அறிந்தார். மன்னிப்பு என்ற சொல் அந்த அறையில் எழவே இல்லை. "எனக்குத் தெரியாதுங்க, ஐயா" என்று மட்டும் சொன்னார். அதுவே போதுமானதாக இருந்தது. மன்னிப்பை வற்புறுத்தி வாங்காதீர்கள், கைகுலுக்கச் சொல்லிப் படம் எடுக்காதீர்கள்.

முடிவில் இருவரும் ஒப்புக்கொள்வதை மூன்று நான்கு வரிகளில், யார், எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி இருவரிடமும் ஒரு படி கொடுங்கள். பணிக்கோப்பில் அது சேரக் கூடாது. ஆறு வாரம் கழித்து நடத்துநர் இருவரையும் சந்தித்து, எழுதியது நடக்கிறதா என்று கேட்க வேண்டும். பலர் இந்தக் கடைசிச் சந்திப்பை விட்டுவிடுகிறார்கள். பழைய மௌனம் திரும்பி வருவது அந்த இடைவெளியில்தான்.

ஏழாம்படி: நிர்வாகம் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது

ஆசிரியர்கள் வட்டத்தில் அமர்ந்து மனம்விட்டுப் பேசிக்கொண்டிருக்க, பணிப்பங்கீடு மூடிய அறையில் நடந்தால் அந்த வட்டம் ஏமாற்று. சான் கிம், ரெனே மோபோர்ன் என்ற இரு மேலாண்மை அறிஞர்கள் 1997இல் நியாயமான முடிவெடுப்புக்கு மூன்று கூறுகளைச் சொன்னார்கள்: பாதிக்கப்படுவோரை முடிவுக்கு முன் கலந்தாலோசித்தல், முடிவின் காரணத்தை விளக்குதல், இனி யாரிடம் என்ன எதிர்பார்க்கப்படுகிறது என்று தெளிவாக்குதல். முடிவு தமக்குச் சாதகமாக இல்லாதபோதும், இந்த மூன்றும் இருந்தால் மனிதர்கள் அதை ஏற்கிறார்கள் என்பதே அவர்கள் கண்டது.

செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் வீடுகளில் 'வேறு வைத்தல்' என்றொரு வழக்கம் உண்டு. மணமான மகனுக்கு அதே வீட்டில் தனிக் கணக்கும் தனிச் சமையலும் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். முகப்பும் வளவும் பொது, நல்லது கெட்டதும் பொது, ஆனால் அரிசிக் கணக்குத் தனி. யாருடைய பொறுப்பு எது என்று முதலிலேயே தெளிவானதால் பலர் ஒரே கூரையின் கீழ் முகம் கோணாமல் இருக்க முடிந்தது. துறைக்கும் இதுவே வேண்டும். பருவத் தொடக்கத்தில், கற்பித்தல் மணி, கண்காணிப்பு, குழுப்பணி, ஆய்வு மேற்பார்வை எல்லாவற்றையும் ஒரே தாளில் பெயர்வாரியாக எழுதி அறையில் ஒட்டுங்கள். யாருக்கு எவ்வளவு என்று எல்லோரும் பார்க்கும்படி ஆனாலே சச்சரவுகள் பல தாமாக அடங்கும். மெமோ கொடுப்பதற்கு முன் ஒருமுறை நேரில் அழைத்து, "என்ன நடந்தது?" என்று கேட்பதை முதல்வர்களும் துறைத்தலைவர்களும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

எட்டாம்படி: வட்டத்தால் தாங்க முடியாதவை

பல வாரம் தூக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற பேச்சு, மதுவை நாடுதல் போன்றவை தென்பட்டால் அதற்கு வட்டம் மருந்தாகாது. அந்த ஆசிரியரோடு ஒருவர் உடன் சென்று மனநல மருத்துவரைப் பார்க்கச் செய்யுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய மத்திய அரசின் 'டெலி மானஸ்' என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். அந்த எண்ணை ஆசிரியர் அறையின் பலகையில் எழுதி வையுங்கள். நடத்துநர்களுக்கும் பாரம் சேரும். ஒவ்வொரு கடினமான சந்திப்புக்குப் பிறகும் இருவரும் அரைமணி நேரம் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும், ஓராண்டுக்கு மேல் ஒருவரே நடத்தக் கூடாது.

ஒன்பதாம்படி: நடக்கிறதா என்று பார்த்தல்

வினாத்தாள் கொடுத்து ஐந்துக்கு எத்தனை என்று கேட்காதீர்கள். ஆசிரியர்கள் அத்தகைய படிவங்களை நிரப்பி நிரப்பிக் களைத்தவர்கள். ஆறாவது வட்டத்தின் முடிவில் மூன்றைக் கேளுங்கள்: சென்ற மூன்று மாதத்தில் துறையில் யாரிடமாவது உதவி கேட்டீர்களா? உங்களைப் பாதித்த ஒன்றை உரியவரிடமே சொன்னீர்களா? வட்டத்துக்கு வராமலிருக்க நினைத்த நாள் உண்டா, ஏன்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைக் கவனமாகக் குறித்துக்கொள்ளுங்கள். "துறைத்தலைவர் முன் பேச அச்சம்", "நான் சொன்னது வெளியே போய்விட்டது", "பேசினோம், ஆனால் எதுவும் மாறவில்லை" என்ற மூன்றில் ஏதேனும் ஒன்று வந்தால், அதைச் சரிசெய்யாமல் வழக்கம்போல் அடுத்த வட்டத்துக்குப் போக வேண்டாம். அச்சம் என்றால் துறைத்தலைவர் இரண்டு வட்டங்களுக்கு விலகியிருக்கட்டும். இரகசியம் கசிந்தது என்றால் அதையே பொருளாக்கி, பெயர் சொல்லாமல், ஒரு வட்டம் நடத்துங்கள். எதுவும் மாறவில்லை என்றால் ஏழாம்படிக்குத் திரும்பி, பணிப்பங்கீட்டுத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு முதல்வரைப் பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தால், அடுத்த பருவத்தின் முதல் வாரத்திலேயே புதிய நடத்துநர்கள் இருவரைத் தேர்ந்தெடுத்து, அவர்களோடு ஒரு வட்டம் உடன் அமர்ந்து, கொட்டானை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.